கருவாட்டுக் கூடாரமும் என் பேராசிரியர் பதவியும்

மானிப்பாய்,
ஐப்பசி மாதம், சனிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் றோகான் வணக்கத்துடன் எழுதுவது.

தாங்களும் றெபேக்கா அக்காவும் பிள்ளைகளும் ஸ்காபரோவில் கர்த்தரின் கிருபையால் சுகமே இருக்கவேண்டுமென்று நாங்கள் மன்றாடாத நாள் இல்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். தங்கள் முழங்கால் நோவுக்கு அனுப்பிய எண்ணெய் வேலை செய்கிறதா என்று அறிய ஆவல். இங்கு நானும் தேவமலரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. தேவமலர் சுகம்.

தொலைபேசியில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். தாங்கள் எப்போதும் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கதைப்பீர்கள். அக்கா குசினியில் நின்று எல்லாவற்றையும் கேட்பா. அக்காவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. ஆகையால் செவ்வாய்க்கிழமை கனடா திரும்பவிருக்கும் எங்கள் அயலவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் தனியாக இருக்கும்போது வாசிக்கவும். வாசித்தபின் அக்காவுக்கு எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதைத் தாங்களே தீர்மானிக்கவும்.

முதலில் அந்த வீடியோ. பருத்தித்துறைக் கடற்கரையில் பெரிய பொலித்தீன் விரிப்பொன்று காற்றில் எழும்பிப் பறக்க, அதன் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் வயிறு மண்ணில் தேய இழுபட்டுப் போவதை யாரோ கைத்தொலைபேசியில் எடுத்து உலகமெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். 'பட்டம் ஏற்றப்போய்ப் பட்டத்தோடு போனவர்' என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பக் குழுவில் அதைப் போட்டது தங்கள் மூத்த மகள். 'பாவம், ஆரோ ஒரு மனிசன்' என்று அக்கா அதற்குக் கீழே எழுதி ஓர் அழுகிற முகமும் போட்டிருந்தா. அந்த ஆரோ ஒரு மனிசன் நான்தான், அத்தான். முகம் மண்ணுக்குள் இருந்தபடியால் அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை.

இதை விளங்கப்படுத்த என் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே கோயிலுக்கும் கலியாணவீட்டுக்கும் போகிற இடமெல்லாம் 'தம்பி பிஸ்னஸ் செய்யிறான்' என்று அக்கா சொல்லிவருவதாக அறிகிறேன். நான் பிஸ்னஸ் செய்பவன் அல்ல. பிஸ்னஸ் செய்வது எப்படி என்று படிப்பிப்பவன். முயற்சியாண்மையும் புத்தாக்கமும் என் துறை. துணிந்து புதிய தொழில் தொடங்குகிறவன் எப்படி யோசிக்கிறான், எப்படி விழுகிறான், விழுந்தவன் எப்படி எழும்புகிறான் என்று இங்கிலாந்தில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் எடுத்து, அதைப் பற்றியே கட்டுரைகள் எழுதி, அதைப் பற்றியே வெளிநாடுகளில் பேசி, விருதும் வாங்கி, படிப்படியாகப் பேராசிரியர் ஆனவன். இத்தனை வருடத்தில் நானாக ஒரு பொருளை விற்கப்போனது ஒரே ஒரு தடவை. எங்கள் வளவில் காய்த்த கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களைக் கூடையோடு சந்தைக்குக் கொண்டுபோனேன். வந்து கேட்டவர்களெல்லாம் என் மாணவர்களின் தாய் தகப்பனாகவே இருந்தார்கள். விலை சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வரும்போது மாம்பழமும் இல்லை, காசும் இல்லை, கூடையையும் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தேன். "இஞ்சருங்கோ, நீங்கள் படிப்பிக்கிறதோடை நிண்டுகொள்ளுங்கோ," என்றாள், கட்டிய நாள்முதல் என்னை அறிந்த தேவமலர். நானும் அதோடு நின்றுகொண்டேன்.

ஒவ்வொரு வருடமும் இறுதி வருட மாணவர்களுக்கு என் முதல் விரிவுரையில் ஒரு வசனம் சொல்வேன். 'பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திருப்பவன் ஒருநாளும் முயற்சியாளன் ஆகமாட்டான்.' மாணவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். சோதனையில் அதையே எனக்குத் திருப்பி எழுதுவார்கள். நானும் நல்ல புள்ளி போடுவேன். பிறகு எல்லோரும் பட்டத்தை வாங்கிக்கொண்டு அரசாங்க வேலைக்கு விண்ணப்பிப்பார்கள். இந்த வசனத்தால் இன்றுவரை ஒருவருக்கும் ஒரு தீங்கும் வந்ததில்லை. இந்த வருடம் கஜந்தினி என்று ஒரு பிள்ளை அதை நம்பிவிட்டாள்.

கஜந்தினி வகுப்பில் முதல் பிள்ளை. அதிகம் கதைக்கமாட்டாள். ஒருநாள் என் அறைக்கு வந்து கதவடியில் நின்றாள். உள்ளே இரண்டு விரிவுரையாளர்கள் என்னோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சேர், நான் நிக்கப்போறன்."

"ஏன் பிள்ளை நிக்கிறீர்? கதிரை இருக்குத்தானே, இரும்."

"இல்லை சேர். படிப்பாலை நிக்கப்போறன். நீங்கள் சொன்னது சரி. தொழில் தொடங்கப்போறன்."

அத்தான், அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு விரிவுரையாளர்களும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பி அவளுக்குக் கைகொடுத்து, "துணிவுக்கு வாழ்த்துகள்," என்று சொன்னேன். அவள் போனபிறகு, சீனி போட்ட தேத்தண்ணிக்கு இன்னொரு தடவை சீனி போட்டேன்.

அவள் தொடங்கிய தொழில் கருவாடு. தங்களைப்போல வெளிநாட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் எல்லோரும் கருவாடு கொண்டுபோக விரும்புகிறார்கள். ஆனால் பெட்டி மணக்கும் என்று பயப்படுகிறார்கள். போனமுறை தாங்கள் கொண்டுபோன பெட்டியைத் திறந்ததும் ரொறன்ரோ விமான நிலையத்தில் நடந்ததை அக்கா எங்களுக்குச் சொல்லியிருக்கிறா. கஜந்தினி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பருத்தித்துறையில் தங்கமுத்து என்ற மீனவப் பெண்ணோடு பங்கு சேர்ந்து, அவரின் காணியில் இரும்புக் குழாய்களை வளைத்து, மேலே தடித்த பொலித்தீனைப் போட்டு ஒரு கூடாரம் அமைத்தாள். ஈ உள்ளே போகாது, மணம் வெளியே வராது, மழைக்காலத்திலும் மீன் காயும். காய்ந்ததைக் காற்றை உறிஞ்சி எடுத்த பைகளில் அடைத்தால் பெட்டிக்குள் உடுப்போடு உடுப்பாக வைக்கலாம். என் மாணவி செய்த முதல் உண்மையான புத்தாக்கம் அது. எனக்கு நெஞ்சு நிறைய வேண்டும். நிறையத்தான் செய்தது. அதோடு நடுக்கமும் சேர்ந்திருந்தது.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது. நாங்கள் ஆராதனை முடிந்து வந்து இறங்க, வாசலில் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக ஒருவர் குடையோடு நின்றார். சுன்னாகம் பக்கத்துத் தோட்டக்காரர், ஊர்ப் பிள்ளையார் கோயில் சபைத் தலைவர், பெயர் அருளம்பலம், கஜந்தினியின் தகப்பன் என்று தன்னைத் தானே அறிமுகப்படுத்தினார். உள்ளே இருத்தினோம். குசினியிலிருந்து மீன் குழம்பு மணந்தபடியால் தேத்தண்ணியையும் மறுத்துவிட்டார்.

"சேர், நான் சண்டைக்கு வரேல்லை," என்றார். "எனக்கு ஒரே பிள்ளை. தாய் இல்லை. இன்னும் ஒரு சோதினைதான், அதோடை முடிஞ்சுது. நீங்கள் விடச் சொன்னியளாம், அவள் விட்டிட்டாள்."

"நான் விடச் சொல்லேல்லை ஐயா. பொதுவாச் சொன்னனான்."

"பொதுவா எண்டால் ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் எண்டால் என்ரை பிள்ளைக்கும்தானே."

அவர் குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு மெதுவாகவே கதைத்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எங்கடை வீட்டிலை முட்டைகூட ஏறாது சேர். போன கிழமை பூசைக்குப் பிறகு ஐயர் என்னைத் தனியக் கூப்பிட்டு, பிள்ளை என்ன செய்யுது எண்டு கேட்டார். ஏற்றுமதி எண்டு சொன்னன். என்ன ஏற்றுமதி எண்டு கேட்டார். பொதி செய்யிறது எண்டு சொன்னன். அதுக்கு மேலை அவர் கேக்கேல்லை. எத்தினை நாளைக்குக் கேக்காமல் இருப்பார்?"

பிறகு விசயத்துக்கு வந்தார். சோதனைக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதே வெள்ளிக்கிழமைதான் எங்கள் பீடத்துக்குப் பீடாதிபதி தெரிவும். நானும் கணக்கியல் பேராசிரியர் பிரகாஸும் போட்டியிடுவதை அவர் எங்கேயோ விசாரித்து அறிந்து வைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளை அவள் பேர் குடுக்கவேணும். குடுக்கேல்லையெண்டால் நான் உங்கடை கூட்டத்துக்கு வாறன். கத்தமாட்டன். ஒரு கேள்வி மட்டும் கேப்பன். சேர், நீங்கள் எப்ப வேலையை விடுறியள்? அவ்வளவுதான்."

அவர் போனபிறகு நான் தேவமலரைப் பார்த்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். "நல்ல கேள்வி," என்றாள். "நான் எண்டாலும் அதைத்தான் கேப்பன்."

திங்கள் முழுவதும் கஜந்தினிக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. செவ்வாயும் எடுக்கவில்லை. பிரகாஸ் என்னை எங்கே கண்டாலும் சிரிக்கத் தொடங்கினார். அருளம்பலம் வந்துபோனது அவருக்குத் தெரியுமா, தெரியாதா, அது சாதாரணச் சிரிப்பா என்று யோசித்தபடி நான் வேறு படிக்கட்டால் ஏறி இறங்கத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் உப்பை எடுங்கோ என்று தேவமலர் சொல்ல, "நான் பொதுவாத்தான் சொன்னனான்," என்று மறுமொழி சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை. புதன்கிழமை காலை நானே பருத்தித்துறைக்குப் போய் அந்தப் பிள்ளையைக் கையோடு கூட்டிவருவது என்று தீர்மானித்து, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு வந்து பஸ்ஸில் ஏறி இருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு குடை வந்தது. குடைக்குப் பின்னால் அருளம்பலம் வந்தார்.

"நானும் அங்கைதான் சேர்," என்றார்.

பஸ் வெளிக்கிட்டது. யன்னலுக்கு வெளியே, வடகிழக்குப் பக்கமாக வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நெல்லியடி தாண்டும்போது அவர் மரியாதைக்கு ஒரு கதை தொடங்கினார்.

"உங்களுக்குப் பிள்ளையள்?"

"ஒரு மகன். ஜெறோம்."

"என்ன செய்யிறார்?"

"கொழும்பிலை. வங்கியிலை."

"நிரந்தரமோ?"

"ஓம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான், ஜெறோம் படம் எடுக்கிற தொழில் தொடங்கப்போகிறேன் என்று வந்து நின்றபோது 'முதலில் ஒரு நிரந்தர வேலையைப் பார்' என்று நான் அவனிடம் சொன்னது தங்களுக்குத் தெரியும். தாங்களும் எனக்குப் பக்கபலமாக ஸ்பீக்கரில் நின்றீர்கள். பருத்தித்துறை வரும்வரை பஸ் சீட்டை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கஜந்தினியும் தங்கமுத்துவும் கூடாரத்தின் கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கமுத்து பெரிய குரல்காரி. ஆளைப் பார்க்குமுன் குரலைக் கேட்டுவிடலாம். உள்ளே தட்டுத் தட்டாகச் சூடை மீனும் கீரி மீனும் பாரைத் துண்டுகளும் பாதி காய்ந்து கிடந்தன. அன்று பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து அனுமதி தந்தால்தான் அவர்களுடைய முதலாவது பொதி விற்பனைக்குப் போகும். நாங்கள் வந்த நேரம் அப்படி.

கஜந்தினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, சேர், ரண்டு பேரும் அந்தப் பக்கம் நில்லுங்கோ. இண்டைக்கு என்னாலை கதைக்க ஏலாது."

அருளம்பலம் மூக்கைச் சால்வையால் மூடிக்கொண்டு காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றார். நான் பஸ்ஸில் தயாரித்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போது காற்று வந்தது. அது எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை, கடலின் நிறம் மாறியது, பிறகு கூடாரம் மூச்சு எடுத்ததுபோல வயிறு ஊதியது, கயிறு கட்டிய ஒரு முளைக்கட்டை நிலத்திலிருந்து பிடுங்குப்பட்டு வந்து என் சப்பாத்துக்கு முன்னால் விழுந்தது. "பிடியுங்கோ, பிடியுங்கோ," என்று தங்கமுத்து கத்த நான் அந்தக் கயிற்றைப் பிடித்தேன். கஜந்தினி ஒரு மூலை, தங்கமுத்து ஒரு மூலை. நாலாவது மூலை தனியாக அடித்துக்கொண்டிருந்தது. அருளம்பலம் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், குடையைக் கீழே வைத்தார். "நான் மீனைத் தொடமாட்டன், கயித்தைத் தொடலாம்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு வந்து பிடித்தார்.

மழையும் தொடங்கியது. நான்கு பேரும் நான்கு மூலையில் நின்று இழுத்தோம். நான் வந்த காரியத்தை மறக்கவில்லை.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை கடைசி நாள். பட்டம் எண்டது..."

"கேக்கேல்லை சேர்."

"பட்டத்தை விடக்கூடாது எண்டு சொல்லுறன்."

"அதைத்தானே நாங்களும் சொல்லுறம், விடாமல் பிடியுங்கோ," என்றார் தங்கமுத்து. கூடாரம் அந்த நேரம் உண்மையிலேயே பட்டம்போலத்தான் நின்றது.

அடுத்த காற்றில் அருளம்பலத்தின் பக்கத்து இரும்புக் குழாய் கழன்றது. அது சுழன்று வந்து அவர் நெற்றிக்குமேல் பட்ட சத்தம் மழைக்குள்ளாலும் கேட்டது. அவர் கயிற்றைப் பிடித்தபடியே முழங்காலில் விழுந்து, பிறகு சரிந்தார். முகம் முழுக்க இரத்தத்தால் சிவந்துவிட்டது.

"அப்பா," என்றாள் கஜந்தினி. அந்த ஒரு சொல்தான். அவள் கயிற்றை விட்டதை நான் பார்த்தேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. படிப்பை விட்டு, ஊரின் வாயில் விழுந்து, மாதக்கணக்கில் கட்டி எழுப்பியதை ஒரு துணிக்கொடியை விடுவதுபோல விட்டுவிட்டு ஓடினாள். தங்கமுத்துவும் விட்டுவிட்டு ஓடினார். நான் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள் அத்தான். கை விடவில்லை. கூடாரம் எழும்பியது, நான் அதோடு போனேன். மணலும் சிப்பியும் வயிற்றில் உரச, "விடுங்கோ சேர், விடுங்கோ எண்டுறன்," என்று தங்கமுத்துவின் குரல் பின்னால் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வலைக் குவியலுக்குள் போய்ச் சிக்கினேன். இரண்டு மீனவர்கள் என்னை வலையிலிருந்து எடுத்தார்கள். மூன்றாவது ஆள் படம் எடுத்தார். கூடாரம் கடலுக்குமேல் போயிற்று. தட்டுகளில் கிடந்த மீன் எல்லாம் மழையில் ஊறியது. இதற்குள் மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டுப் போட்டபடி சுகாதாரப் பரிசோதகர் வந்து, இரத்தத்தையும் மீனையும் வலைக்குள் கிடந்த என்னையும் பார்த்து, "நான் பிறகொருநாள் வாறன்," என்று சொல்லித் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஓட்டோவில் அருளம்பலத்தை மகளின் மடியில் கிடத்திக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனோம். நான் முன்னால் சாரதியோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. 'இந்த மனிதருக்கு ஏதும் நடந்தால், என் வாயிலிருந்து வந்த ஒரு வசனத்தால் நடந்தது' என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கடவுள் காப்பாற்றினார். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லித் தையல் போட்டார். கட்டிலில் கண் திறந்ததும் அருளம்பலம் மகளிடம் கேட்ட முதல் கேள்வி:

"எத்தினை தட்டு நனைஞ்சது?"

"எல்லாம் போச்சப்பா. அதை விடுங்கோ. நான் சோதினை எடுக்கிறன். உதை எல்லாத்தையும் விடுறன்."

நான் எதற்காகப் பருத்தித்துறை வந்தேனோ அது கையில் வந்து விழுந்துவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தேன். அருளம்பலம் எழும்பி இருக்கப் பார்த்தார்.

"விடுறதோ? உனக்கென்ன விசரோ? என்ரை வெங்காயம் வெள்ளத்துக்குள்ளை கிடந்த வருசம் நான் தோட்டத்தை விட்டிட்டு வீட்டிலை படுத்தனானோ?"

"நீங்கள்தானேயப்பா விடச் சொன்னீங்கள்."

"நான் கருவாட்டை விடச் சொன்னனான். தொழிலை விடச் சொல்லேல்லை."

"கருவாடுதானேயப்பா தொழில்."

அவர் நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்தார். "அது எனக்கும் பிள்ளையாருக்கும் இடையிலை உள்ள பிரச்சினை," என்றார்.

"ஐயா, கதைக்காதேங்கோ, தையல் இழுக்கும்," என்றார் தாதி. அவர் என் உள்ளங்கைகளில் மருந்து பூசிக்கொண்டிருந்தார், கயிறு இரண்டு கையையும் உரித்துவிட்டிருந்தது. தகப்பனும் மகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"சேர், நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் கஜந்தினி. "விடுறதோ, பிடிக்கிறதோ?"

இருபது வருடமாக மேடைகளில் நான் மறுமொழி சொல்லிவந்த கேள்வி அது. தாதிகூட மருந்துப் பஞ்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றேன்.

"சரி சேர்," என்றாள் கஜந்தினி. கோபமில்லை, குறையில்லை. நிறைந்து வந்த பஸ் நிற்காமல் போகும்போது தரிப்பிடத்தில் நிற்பவர்கள் பார்க்கிற பார்வை. தகப்பனின் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

வியாழக்கிழமை தேவமலர் என் கைகளுக்கு மருந்து பூசும்போது கேட்டாள். "எல்லாரும் விட்டாப்பிறகும் நீங்கள் ஏன் பிடிச்சுக்கொண்டு போனனீங்கள்?"

"தெரியேல்லை."

"எனக்குத் தெரியும்," என்றாள். "உங்களுக்கு ஒண்டையும் விட ஏலாது. மற்ற ஆக்களை விடச் சொல்லத்தான் தெரியும்." மருந்தை மூடி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுவதும் நான் அந்தக் கதிரையைவிட்டு எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பீடச் சபைக் கூட்டம். முதலில் பிரகாஸ் பேசினார். கட்டடம், நிதி, ஒழுங்கு என்று நன்றாகத்தான் பேசினார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கஜந்தினி காலையிலும் தொலைபேசியை எடுக்கவில்லை, பெயர் கொடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. பிரகாஸ் முடிக்கிற நேரம் கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஒரு குடை தெரிந்தது. பிறகு தலையில் வெள்ளைக் கட்டு, அதற்குக் கீழே திருநீறு. அருளம்பலம் வந்துவிட்டார். கந்தோர் உதவியாளர் உள்ளே வந்து, "சேர், உங்களைப் பாக்கவேணும் எண்டு ஒருத்தர் நிக்கிறார். நீங்கள் பேசி முடியட்டாம்," என்று என் காதில் சொன்னார்.

என் பெயரை அழைத்தார்கள். எழும்பி நின்றேன். எழுதி வைத்திருந்த உரையில், இரண்டு கையும் கட்டுப் போட்டிருந்ததால் பக்கம் புரட்ட முடியவில்லை. அவர் கேட்கப்போகும் கேள்வியை அவர் கேட்குமுன் நானே கேட்டுவிடுவது மேல் என்று தோன்றியது.

"நான் இத்தனை வருடமாக மாணவர்களைப் பார்த்துத் துணிந்து இறங்கு என்று சொல்லிவந்தேன்," என்றேன். "இந்த வருடம் ஒரு பிள்ளை இறங்கிவிட்டாள். விடவேண்டிய நேரத்தில் விட அவளுக்குத் தெரிகிறது. நான் எல்லோரும் விட்டபிறகும் பிடித்துக்கொண்டிருந்தவன், நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் வைத்துக்கொண்டு நான் இனி அந்த வசனத்தைச் சொல்வது சரியில்லை. பீடாதிபதிப் போட்டியிலிருந்து விலகுகிறேன். பேராசிரியர் பதவியிலிருந்தும் விலகுகிறேன்." அங்கேயே ஒரு தாளை வாங்கி, கட்டுப் போட்ட கையால் நாலு வரி எழுதி, உதவிப் பதிவாளரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு உடம்பு பாரமில்லாமல் இருந்தது, அத்தான். அந்தச் சுகம் சுமார் பத்து அடிதான் நீடித்தது.

"ஏன் சேர் அப்பிடிச் செய்தனீங்கள்?" என்றார் அருளம்பலம். கண்ணாடிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"நீங்கள் கேக்க முதல் நானே சொல்லிப்போட்டன் ஐயா."

"நான் கேக்க வரேல்லை. பிள்ளை காலமையே பேர் குடுத்திட்டாள். சோதினையும் எடுப்பாளாம், கருவாட்டையும் விடமாட்டாளாம். நீங்கள் பதட்டத்தோடை இருப்பியள், நேரிலை சொல்லிப்போட்டு வருவம் எண்டு வந்தனான்."

வீட்டுக்கு வந்து தேவமலரிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டு, கறியை விட்டு, எதிரில் இருந்தாள்.

"நல்லது. திங்கக்கிழமை எங்கை வேலைக்குப் போறியள்?"

"கஜந்தினியிட்டை."

"அவள் எடுப்பாளோ?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. உடனே அழைத்தேன், இந்தமுறை எடுத்தாள். நான் சொன்னதெல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வந்தால் எங்களுக்கு என்ன பெறுமதி கூடும்?" என்றாள். நான் படிப்பித்த கேள்வி அது. எதிரில் இருப்பவரின் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துக் கேட்கவேண்டும் என்றும் நான்தான் படிப்பித்தேன், நல்லவேளை தொலைபேசியாகப் போயிற்று. கடைசியில், புதிய கூடாரம் எழும்பும்வரை பைகளில் பெயர்த் துண்டு ஒட்டுகிற வேலை தரலாம், சரிவந்தால் தொடரலாம் என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் தங்கமுத்துவின் குரல் கேட்டது. "அந்த மனிசனுக்குக் கயித்தை மட்டும் குடுத்துப்போடாதை பிள்ளை."

ஆகவே அத்தான், தங்கள் மைத்துனன் நேற்று முதல் பேராசிரியர் அல்லன். அக்காவிடம் இதைச் சொல்லும்போது அவ இருந்துகொண்டிருக்கிறாவா, நிற்கிறாவா என்று பார்த்துக்கொள்ளவும். தேவமலர் என்மேல் கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெறோமுக்கு நானே சொல்வேன். அவன் முன்பு கேட்ட விசயத்தைப் பற்றியும் இந்தமுறை வேறுவிதமாகக் கதைப்பேன்.

தங்கள் இருவருக்கும் எங்கள் பணிவான அன்பு. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசிகள். கர்த்தர் தங்களைக் கண்ணின் மணிபோலக் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
து. றோகான்

பி.கு.: இன்று திங்கட்கிழமை. மேலே எழுதியவற்றில் ஒன்றையும் அக்காவுக்குச் சொல்லவேண்டாம். இதை வேறு தாளில் திருப்பி எழுத நேரமில்லை, அயலவர் பெட்டியைக் கட்டிவிட்டார். காலையில் பருத்தித்துறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும்போது பிரகாஸ் வீட்டுக்கு வந்தார். போட்டியிலிருந்து விலகுவதானால் கூட்டத்துக்கு முதல் நாளே எழுத்தில் கொடுத்திருக்கவேண்டுமாம், வாயால் சொன்னது செல்லாதாம். நான் வெளியே வந்தபிறகு வாக்கெடுப்பு நடந்திருக்கிறது. என் பேச்சைக் கேட்டு எல்லோரும் எனக்கே போட்டுவிட்டார்கள், பிரகாஸும் எனக்குத்தான் போட்டாராம். பீடாதிபதி நான்தான். அதோடு முடிந்தது என்று பார்த்தால், அவர் ஒரு கோவையைக் கையில் தந்தார். அதற்குள் என் விலகல் கடிதம். பேராசிரியர்களின் விலகல் கடிதம் பீடாதிபதியின் சிபாரிசோடுதான் துணைவேந்தருக்குப் போகவேண்டுமாம். கஜந்தினிக்கு அழைத்து விசயத்தைச் சொன்னேன். "ஓம் சேர், அங்கையே இருங்கோ," என்று உடனே சொன்னாள், அவ்வளவு கெதியாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. தேவமலர் பேனையை எடுத்துத் தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். கனநேரம் யோசித்து, கை நோ ஆறாததால் கோணலான எழுத்தில், 'விண்ணப்பதாரருக்குத் தொழில் அனுபவம் போதாது. சிபாரிசு செய்யப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.